ஹாரன் அடிக்க ஆளில்லாத சிக்னல்

இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் நம்ம தாம்பரத்துக்காரர்கள் சிலர் ஒரு கார் கிளப் நடத்துகிறார்கள். கிளப் என்றதும் ஃபெராரி, போர்ஷே என்று கற்பனை வேண்டாம். பாதிக்கு மேல் டொயோட்டா ப்ரியஸ்; பின்சீட்டில் குழந்தை நாற்காலி, டாஷ்போர்டில் பிள்ளையார். போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் படை புளியோதரை சகிதம் சாண்டா பாட் என்ற டிராக் பந்தயத் தடத்துக்குக் கிளம்பியது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய பாடிங்டன் தளம் அது. போர் முடிந்து விமானங்கள் போய்ச் சேர, 1966-ல் ஓடுபாதை டிராக் பந்தயக்காரர்கள் கைக்கு வந்தது. நம் சோழவரத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான். போர்க்கால ஓடுபாதை, 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், வேகாத வெயிலில் திரண்ட கூட்டம். பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. தாம்பரம் ஓடுபாதையை மட்டும் விமானப்படை காலி செய்வதாக இல்லை.

விதி எளிது. கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோடு. ஒரு நேரத்தில் இரண்டு வண்டி. பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் சொந்தக் காரையே கொண்டுபோகலாம். ஆனால் உள்ளே உருளுகிற சாமான் எதுவும் இருக்கக் கூடாது. அங்கேதான் தாமதம். கிளப்பில் ஒருவரான சேலையூர்க்காரர் தன் ப்ரியஸின் டிக்கியைத் திறந்தார். பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டை, தள்ளுவண்டி, மடக்கு நாற்காலி, புளியோதரைத் தூக்கு, ஒரு குடை, இன்னொரு குடை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர், "வீடு மாறுகிறீர்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஊரில் கேம்ப் ரோட்டில் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஹெல்மெட்டை உட்காரவைத்து ஓட்டிய அதே மனிதர், இங்கே காருக்குள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தொடக்கக் கோட்டுக்குச் சற்று முன்னால் தரையில் தண்ணீர் விட்டிருப்பார்கள். பந்தயக் கார்கள் அதில் சக்கரத்தைச் சுழலவிட்டு, புகை கிளப்பி, டயரைச் சூடேற்றும். சூடான ரப்பர்தான் தரையைப் பிடிக்கும். சாதாரண டயரோ பள்ளங்களில் தண்ணீரை ஏந்திக்கொண்டு போய்க் கோட்டில் வழுக்கும். அதனால் சுற்றிக்கொண்டு போகச் சொல்வார்கள். கிளப்பின் முடிச்சூர்க்காரருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர். தண்ணீரைக் கண்டதும் கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது.

அடுத்தது 'கிறிஸ்துமஸ் மரம்' என்கிற விளக்குக் கம்பம். அரை அரை நொடி இடைவெளியில் மூன்று மஞ்சள், பிறகு பச்சை. முந்தினால் சிவப்பு. விஷயம் தெரிந்தவர்கள் கடைசி மஞ்சளிலேயே கிளம்புவார்கள். கால் அழுத்தி, சக்கரம் நகர்வதற்குள் பச்சை வந்துவிடும். சிக்னலில் பச்சைக்கு ஐந்து நொடி மிச்சமிருக்கும்போதே வண்டியை உருட்டும் தாம்பரத்து ஆளுக்கு இது பிறவி வித்தை என்று கிளப்பே நம்பியிருந்தது. இங்கிலாந்து அதையும் கெடுத்து வைத்திருக்கிறது. பச்சை விழுந்தது. சேலையூர்க்காரர் அசையவில்லை. பக்கத்துப் பாதை மஸ்டாங் பறந்துவிட்டது. இவர் நிதானமாக மிரரைப் பார்த்தார். பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லையே, பச்சை விழுந்தது எப்படித் தெரியும்?

நல்லவேளை, ஓட்ட நேரக் கடிகாரம் பச்சையில் தொடங்குவதில்லை. முன்சக்கரம் கோட்டின் ஒளிக்கதிரை விட்டு விலகும்போதுதான் தொடங்கும். கைக்கு வந்த சீட்டில் ஓட்ட நேரம் 17.9 நொடி. ப்ரியஸுக்கு அது கௌரவமான கணக்குதான். விளக்குக்கும் சக்கரத்துக்கும் இடையில் போன நேரம் தனி வரியில்: 3.2 நொடி. "அந்த மூணு செகண்டு என்னங்க பண்ணீங்க?" என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கிளப்பில் உள்ள ஒரே டெஸ்லா 12 நொடிக்குள் போய்ச் சேர்ந்தது. கியர் மாற்றும் வேலையில்லை, எடுத்த எடுப்பிலேயே முழு இழுப்பு. சத்தமே வராததால் கைதட்ட ஆளில்லை.

டிசம்பரில் ஊருக்கு வரும்போது இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சேலையூர்க்காரருக்கு ஆசை. தேசிய டிராக் போட்டிகள் நடந்த இடமாயிற்றே. வீட்டு ஆல்டோவை ஒருநாள் தர முடியுமா என்று அப்பாவிடம் போனில் கேட்டார்.

"தாராளமா எடுத்துக்கப்பா. செகண்ட் கியர் மட்டும் விழாது, பரவாயில்லையா?"