வெயிற்படலம்: கடைசியாக வருபவரே வென்றவர் என நிறுவும் ஆய்வு

மாரத்தான் ஓட்டத்தில் முதலில் வருபவரே வென்றவர் என்பது உலகோர் கொள்கை. அக்கொள்கையை மறுக்க எழுந்தது இக்கட்டுரை. 42.195 கிலோமீட்டர் என்னும் தூரம் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த மேடைக்கு முன்னால் முடிந்த ஓட்டத்தின் தூரம். 1921இல் அதுவே உலகுக்கெல்லாம் விதியாயிற்று. அரச குடும்பம் உட்கார்ந்தபடி பார்ப்பதற்காக 195 மீட்டர் வரை நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தவர்கள், ஓடுகிறவர் எவ்வளவு வெயில் தாங்கவேண்டும் என்பதற்கு ஓர் எண்ணையும் விதியில் வைக்கவில்லை. லண்டனில் இருந்துகொண்டு அளந்தவர்களை அதற்காகக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த விதியை வாங்கிவந்து சென்னைக் கடற்கரையில் விரித்தவர்கள் சற்று யோசித்திருக்கலாம். வெப்ப நாட்டில் மாரத்தானை அளக்க வேண்டியது கிலோமீட்டரால் அன்று, வெயிலால். அப்படி அளந்தால் முடிவுப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். இதுவே நம் மேற்கோள். இனி ஏதுவும் எடுத்துக்காட்டும்.

ஜனவரி மாதம் நடக்கும் சென்னை மாரத்தானில் ‘ஃபுல்’ ஓடுபவர்களை நேப்பியர் பாலத்தருகே விடியற்காலை நான்கு மணியளவில் கிளப்பிவிடுகிறார்கள். அந்த மாதத்தில் சென்னையில் சூரியன் எழுவது ஏறக்குறைய ஆறரை மணிக்கு. இரண்டரை மணி நேரத்தில் ஓடி முடிக்கிற ஒருவர் எல்லைக்கோட்டைத் தொடும்போது கீழ்வானம் சிவந்திருக்கும், அவ்வளவுதான். அவருக்கும் சூரியனுக்கும் அன்றைக்கு அறிமுகமே இல்லை. ஆறு மணி நேரத்தில் முடிப்பவரோ பத்து மணிக்கு வந்து சேர்கிறார்: இரண்டரை மணி நேரம் இருட்டிலும் மூன்றரை மணி நேரம் வெயிலிலும் ஓடியிருக்கிறார், அல்லது ஓடுவதாக நம்பியிருக்கிறார். சாலை ஒன்று, நுழைவுக் கட்டணம் ஒன்று, நெஞ்சில் குத்திய பிப் எண்ணட்டை ஒரே அச்சகத்தில் அடித்தது. பருவம் மட்டும் வேறு. முன்னவர் மார்கழியில் புறப்பட்டு மார்கழியிலேயே முடித்துவிட்டார். பின்னவர் மார்கழியில் புறப்பட்டுப் பங்குனியில் வந்து சேர்ந்தார். வெவ்வேறு பருவங்களில் ஓடிய இருவரை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது எந்த அளவை நூலுக்கும் ஒவ்வாது.

இது வெறும் கடிகாரக் கணக்கு என்று தள்ளிவிடக் கூடாது. உடலின் கணக்கும் இதையே சொல்கிறது. ஓடுகிற மனிதர் ஒரு கிலோமீட்டருக்கு, தம் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கிலோ கலோரி செலவழிக்கிறார். இதில் வியப்பு என்னவென்றால், வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. அறுபது கிலோ எடையுள்ள வேகக்காரர் முழு தூரத்துக்கும் சுமார் 2,500 கிலோ கலோரி எரிக்கிறார் என்றால், எண்பது கிலோ எடையுள்ள அமெச்சூர் சுமார் 3,400 எரிக்கிறார். இதில் முக்கால் பங்குக்கு மேல் கால்களுக்குப் போவதில்லை. வெறும் வெப்பமாக உடலிலேயே தங்குகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி போகும். ‘ஆவியானால்’ என்பதில்தான் சூட்சுமம். மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிற வியர்வையும் பனியனைப் பிழிந்தால் ஒழுகுகிற வியர்வையும் உடலைக் குளிர்விப்பதில்லை. அவை உடல் போட்டு இழந்த முதல். போதாக்குறைக்கு, எடை மூன்றில் ஒரு பங்கு கூடும்போது தோலின் பரப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆக நம் அமெச்சூர் அதிக வெப்பத்தை உண்டாக்கி, அதன் அளவுக்குப் பெரிதாகாத தோலின் வழியே, அதிக வெயிலில் வெளியேற்றுகிறார். இத்தனைக்கும் வார நாட்களில் அலுவலகத்துக்கும் போய்வருகிறார்.

இங்கே பரபக்கத்தார் ஒரு தடை எழுப்புவர். மொத்தத்தைப் பார்க்காதே, நிமிடக் கணக்கைப் பார். வேகக்காரரின் உலை நிமிடத்துக்கு ஏறத்தாழ இருமடங்கு எரிகிறது, ஆகவே துன்பம் அவருக்கே மிகுதி என்பர். கணக்கு சரி, முடிவு சரியன்று. என்னை? இரண்டரை மணியில் முடிப்பவர் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். அதாவது அசையாத காற்றிலும் தமக்குத் தாமே 17 கிலோமீட்டர் வேகக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். அந்தக் காற்று வியர்வையை ஆவியாக்கிச் செல்கிறது. ஆறு மணிக்காரருக்குக் கிடைப்பது ஏழு கிலோமீட்டர் வேகக் காற்று. அதையும் முன்னால் தோளோடு தோள் சேர்த்து நடக்கிற நான்கு பேர் மறைத்துக்கொள்கிறார்கள். உலை பெரிது என்று புகழப்படுபவரிடம் விசிறியும் இருக்கிறது என்பதை எதிர்வாதி மறந்தார்.

இன்னொரு தடை இதைவிட நுட்பமானது. சென்னையில் காற்றின் ஈரப்பதம் விடியலுக்கு முன்புதான் உச்சத்தில் இருக்கிறது, வெயில் ஏற ஏறக் குறைகிறது. ஆகவே ஈரத்தில் ஓடிய வேகக்காரரே பாவம், உலர்ந்த காற்றில் ஓடிய பின்னவர் பாக்கியசாலி என்பது அத்தடை. செய்தியில் ஈரப்பதச் சதவீதத்தைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இந்தக் குழியில் விழுவது இயல்பு. அந்தச் சதவீதம், காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. காற்று சூடேறினால் தாங்கும் அளவு பெருகுகிறது, சதவீதம் இறங்குகிறது. உள்ளே இருக்கும் ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. ஆகையால்தான் ஈரக்குமிழ் வெப்பமானி காலை எட்டு மணிக்கும் இறங்காமல், சிறிது ஏறியே நிற்கிறது. இந்த ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து முறையாகக் கணக்கெடுத்தது விளையாட்டுத் துறை அன்று, அமெரிக்க ராணுவம். 1950களில் மரைன் படையின் பயிற்சி முகாமில் இளைஞர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்ததால் ஒரு சூத்திரம் உண்டாக்கினார்கள். ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு எழுபது பங்கு, வெயிலில் வைத்த கருங்கோளத்தின் வெப்பநிலைக்கு இருபது பங்கு, சாதாரணக் காற்றின் வெப்பநிலைக்குப் பத்துப் பங்கு. விடியலுக்கு முன் ஓடுபவர் எழுபதையும் பத்தையும் மட்டும் அனுபவிக்கிறார். பின்னவர் அந்த எண்பதையும் அனுபவித்துவிட்டு, வெயிலின் இருபதை வட்டியாகக் கட்டுகிறார்.

ஆய்வுலகமும் நம் பக்கமே. 2007இல் வெளியான ஓர் ஆய்வு வட அமெரிக்காவின் ஏழு மாரத்தான்களின் பல்லாண்டு முடிவுகளை எடுத்து, மேற்சொன்ன சூத்திரத்தின்படி வெப்பம் ஏறும்போது யார் எவ்வளவு பின்தங்குகிறார் என்று பார்த்தது. எல்லாரும் பின்தங்கினர், மெதுவாக ஓடுபவர்கள் கூடுதலாகப் பின்தங்கினர். அதாவது வெயில் ஏழையிடம் அதிக வரி வாங்குகிறது. போட்டி நடத்துவோரும் இதை வாயால் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் செயலால் ஒப்புக்கொள்கிறார்கள். 2019இல் தோஹாவில் உலகத் தடகளப் போட்டி நடந்தபோது பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் 68 பேர் புறப்பட்டு 40 பேரே முடித்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானை 800 கிலோமீட்டருக்கு அப்பால் சப்போரோவுக்கே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அங்கும் வெயில் விடவில்லை என்பதால் பெண்கள் ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ள முந்தின நாள் இரவு முடிவெடுத்தார்கள். உலகின் தலைசிறந்த கால்களுக்காக ஓட்டத்தையே ஊர்விட்டு ஊர் தூக்கிச் செல்கிறார்கள். வாரயிறுதி ஓட்டக்காரருக்காக யாரும் வேளச்சேரியைக் கொடைக்கானலுக்குப் பெயர்ப்பதில்லை. மும்பையில் மட்டும் வழக்கம் வேறு, அங்கே அமெச்சூர்களை முதலில் விட்டு, பொழுது விடிந்தபின்தான் நட்சத்திர வீரர்களை விடுகிறார்கள் என்று யாரேனும் மடக்கலாம். விடட்டும். நட்சத்திர வீரர் இரண்டு மணி பத்து நிமிடத்தில் வெயிலிலிருந்து விடுதலை பெற்றுவிடுகிறார். இருட்டில் புறப்பட்ட அமெச்சூர் அவர் வந்து, முந்திப்போய், பரிசு வாங்கி, குளித்து முடித்த பின்பும் சாலையில்தான் இருக்கிறார்.

வரலாற்றில் இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகலில், புழுதிச் சாலையில், 32 பேரை ஓடவிட்டார்கள். 14 பேர் முடித்தார்கள். தண்ணீரைக் குறைத்தால் உடல் என்ன ஆகும் என்று பார்க்கிற ஆசை அமைப்பாளருக்கு இருந்ததால் வழியில் தண்ணீர் கிடைத்த இடம் ஒன்றிரண்டே. எல்லைக்கோட்டுக்கு முதலில் வந்தவர் பிரெட் லோர்ஸ் என்பவர். கூட்டம் ஆரவாரித்தது. அவர் வழியில் கணிசமான பகுதியை மோட்டார் காரில் கடந்து வந்தவர் என்பது பிறகு தெரிந்தது. உண்மையில் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியெல்லாம் முட்டை வெள்ளைக்கருவும் பிராந்தியும் ஸ்ட்ரிக்னைன் என்னும் நஞ்சும் கொடுத்து, கடைசியில் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். ஒழுக்கநூலார் லோர்ஸை ஏமாற்றுக்காரர் என்பர். நாம் அவரை ஒரு நேர்மையான சான்றாகக் கொள்கிறோம்: முதலில் வருவது என்பது வெயிலில் குறைவாக இருப்பதே என்பதை அவரைப் போல் தெளிவாக நிறுவியவர் வேறு யாரும் இல்லை.

தண்ணீர் பற்றியும் ஒரு சொல். செயின்ட் லூயிஸில் தண்ணீர் இல்லாமல் துன்பப்பட்டார்கள். இன்றைக்கு மெதுவாக ஓடுபவருக்குத் தண்ணீரே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு உப்பு அளவு இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும் ஓடும்போதே எடை கூடியவர்களும் அந்தக் கூட்டத்தில் அதிகம். வேகக்காரருக்கு நின்று குடிக்க நேரம் இல்லை. குவளையில் பாதியை முகத்தில் ஊற்றிக்கொண்டு போய்விடுவார். மெதுவாக வருபவர் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று, தன்னார்வலரின் மனம் கோணாதபடி இரண்டு குவளை குடித்து, எலெக்ட்ராலும் ஒரு வாய் கேட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். தாகத்தைத் தாண்டிக் குடிக்கிற இந்த மரியாதை அவரை மருத்துவக் கூடாரத்தில் கிடத்தலாம். கடைசியில் வருகிறவர்களுக்குச் சில இடங்களில் குவளை தீர்ந்துவிடும். அது ஏற்பாட்டின் குறை என்று திட்டுவார்கள், உடலியலோ அதை ஓரளவு கருணை என்றே சொல்லும்.

நம் கொள்கையிலும் அதிவியாப்தி, அதாவது அளவுக்கு மீறிப் பரவுதல், என்னும் குற்றம் உண்டென்பார் உளர். தாமதமே வெற்றி என்றால் ஜப்பானின் ஷிசோ கனகுரியைத்தான் உலகின் மாபெரும் ஓட்டக்காரர் என்று சொல்லவேண்டும். 1912 ஸ்டாக்ஹோம் வெயிலில் பாதி வழியில் ஒதுங்கிப்போன அவர் 1967இல் திரும்பி வந்து ஓட்டத்தை முடித்தார், அவருடைய நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், சில மணி என்று அறிவிக்கப்பட்டதே என்று கேட்பர். நன்று கேட்டீர். ஆனால் நாம் அளப்பது சாலையில் பட்ட வெயிலை. கனகுரி வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் பழச்சாறு குடித்து இளைப்பாறியபின் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். நிழலில் கழிந்த நேரம் கணக்கில் சேராது. அப்படியானால் எல்லாரும் நேப்பியர் பாலத்திலேயே நின்று வெயில் காய்ந்துவிட்டுப் புறப்படமாட்டார்களா என்றால், புறப்படட்டும். கட்-ஆஃப் நேரம் என்று ஒன்றும், அதைத் தாண்டியவரை ஏற்றிக்கொள்ள ஒரு வண்டியும் இருக்கின்றன. வண்டி முதுகைத் தொடுவதற்கு ஒரு நிமிடம் முன்பு எல்லைக்கோட்டைத் தொடுவது எளிய கலை அன்று. ஆனால் ஓர் எல்லையை இக்கொள்கை தாண்டாது. அதே 1912 ஓட்டத்தில் போர்த்துக்கலின் பிரான்சிஸ்கு லாசரு வெயிலில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். வெயில் படாதிருக்க உடலில் மெழுகு பூசியிருந்தார், அது வியர்வையை அடைத்துவிட்டது என்று சொல்வதுண்டு. பேச்சு குழறி, நடை தடுமாறி, உடல் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கிற ஒருவரைப் பார்த்தால் ‘இன்னும் கொஞ்சம்தான், விடாதீங்க’ என்று கைதட்டக் கூடாது. உடனே பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டுத்தான் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும். அவரை எந்தப் பட்டியலிலும் சேர்க்க நமக்கு உரிமை இல்லை.

நடைமுறைக்கு வருவோம். இப்போது ஓடுபவர் அணிகிற டைமிங் சிப் நேரத்தை மட்டுமே அறியும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவர் தலையிலும் கருப்பு வண்ணம் பூசிய, 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கோளம் ஒன்றைப் பொருத்தினால் சூத்திரத்தின் இருபது பங்கையும் ஆளுக்கு ஆள் தனித்தனியே எடுத்துவிடலாம். கோளம் கழுத்துக்குக் கேடு என்பர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எழுந்து ஃபுல் ஓட வருகிறவர்கள் கழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களாகத் தெரியவில்லை. உண்மையான இடர் வேறு. பரிசு மேடை ஏறவேண்டிய அமெச்சூர் வந்து சேரும் நேரத்துக்கு மேடையே லாரியில் ஏறியிருக்கும். ஆகவே மேடையையும், மேடையில் இருக்கவேண்டிய தலைமை விருந்தினரையும் கட்-ஆஃப் வரை வெயிலில் நிறுத்திவைக்க விதி செய்ய வேண்டும். அவர் அத்தனை நேரமும் அசையாமல், தமக்கென்று காற்று எதையும் உண்டாக்கிக்கொள்ளாமல் நின்றிருப்பார். போதாததற்கு வந்தவுடனே அவருக்குப் போர்த்திய பொன்னாடை வியர்வை ஆவியாவதை அடியோடு தடுத்திருக்கும். மேற்கண்ட அளவைகளின்படி முதல் பரிசை அவரே தட்டிக்கொண்டு போகாமல் இருக்க, அவர் நகரவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி நாம் தடுத்தாக வேண்டியிருக்கிறது.