கிருமிக்கு முட்டை உண்டு

காசநோய் ஆய்வு மையம் ஒன்றுக்குத் தலைமை வகித்தவன் என்று சொன்னால், எதிரே இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துவார். அடுத்து, "அதெல்லாம் இப்ப இல்லையே சார்?" என்பார். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்று சொன்னால் நாற்காலி இன்னும் கொஞ்சம் நகரும்.

தலைமை என்றதும் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்க்கிற படம்தான் எல்லோருக்கும் தோன்றும். நான் குனிந்து பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ஜீப்பின் லாக் புத்தகம். டீசல் எவ்வளவு, எந்த நோயாளி வீட்டுக்கு, எத்தனை கிலோமீட்டர். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிற நோயாளியைத் தேடிப் பிடித்துவருவதுதான் அந்தக் காலத்தில் ஆராய்ச்சியின் பாதி. கொடுத்திருக்கும் முகவரி "பிள்ளையார் கோயில் பின்புறம்" என்றிருக்கும். அந்தப் பேட்டையில் மூன்று பிள்ளையார் கோயில். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பவர் கதவு எண்ணை மாற்றித்தான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஹெல்த் விசிட்டர் அம்மா சேலைக்காரி போல ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார், அக்கம்பக்கம் சந்தேகப்படாமல் இருக்க.

பிற்பாடு மாத்திரை அட்டையிலேயே தொலைபேசி எண் ஒளிந்து வர ஆரம்பித்தது. மாத்திரையை எடுத்தால் எண் தெரியும், மிஸ்டு கால் கொடுத்தால் போதும், கணினித் திரையில் பச்சைக் கட்டம் விழும். மிஸ்டு கால் கொடுத்தது நோயாளியா, அவர் பேரனா என்று திரைக்குத் தெரியாது. ஹெல்த் விசிட்டர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

எங்கள் துறைக்காரர்களுக்கெல்லாம் தாய்வீடு சென்னைச் சேத்துப்பட்டு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் சேர்ந்து அங்கே ஒரு மையம் தொடங்கின. தலைமைக்கு வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியம், நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை என்றிருந்த காலம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் மின்சார ரயில் நிலையத்துக்கு இருக்கிறது. ஃபாக்ஸின் குழு 193 நோயாளிகளை எடுத்து, சிலரைச் சானடோரியத்துக்கும் சிலரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பியது. இருசாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில், அரைவயிற்றுச் சாப்பாட்டில், பலர் வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தார்கள். 1959-ல் முடிவு வந்தது: இருசாராரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வைத்தது சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களில் கிடைத்த இந்த முடிவு. இதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு.

கூடவே இன்னொன்றும் நடந்தது. மருந்தை ஒழுங்காக விழுங்கினால், சாப்பாடு குறைவாக இருந்தாலும் கிருமி சாகும் என்று அந்த ஆய்வு காட்டியது. காட்டியது அவ்வளவுதான். அதைப் படித்த கோப்புகள், "சாப்பாடு முக்கியமில்லை" என்று புரிந்துகொண்டன. செலவைக் குறைக்க விஞ்ஞானமே வழிசொன்னால் எந்த நிதித்துறை வேண்டாமென்னும்?

எங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் முட்டை வந்துகொண்டே இருந்தது. சளியிலிருந்து காசநோய்க் கிருமியை வளர்க்க எல்.ஜே. மீடியா என்னும் வளர்ப்பு ஊடகம் வேண்டும், அதன் உயிர்நாடி கோழிமுட்டை. நாட்படாத முட்டையாகப் பார்த்து வாங்கி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, உடைத்துக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, உப்புக் கரைசலும் மாலகைட் பச்சைச் சாயமும் சேர்த்து, சின்னப் புட்டிகளில் ஊற்றி, சாய்த்து வைத்துச் சூடேற்றினால் வெளிர்பச்சையாக உறையும். அதன்மேல் சளியைத் தடவி 37 டிகிரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மற்ற கிருமிகள் பல அரைமணிக்குள் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வளரவில்லை என்று சொல்லவே எட்டு வாரம். அத்தனை நாளும் மகாராஜா உபசாரம்.

ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர் முட்டைக் கணக்கில் விரலை வைத்தார். "ஆராய்ச்சி நிலையத்துல இவ்வளவு முட்டை எதுக்கு சார்? கேன்டீனா?"

"கிருமிக்கு" என்றேன்.

"நோயாளிக்கு இல்லையா?"

"நோயாளிக்குக் கொடுத்தா நீங்க அப்ஜெக்ஷன் எழுதுவீங்க. அதுக்கு சாங்ஷன் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. கிருமிக்கான முட்டையை அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார். அதே வாரம் ஒரு ரிக்‌ஷாக்காரர் என்னிடம், "மாத்திரை போட்டா அகோரப் பசி எடுக்குது ஐயா. பாதி மாத்திரை போட்டா பாதிப் பசிதான் எடுக்குமா?" என்று கேட்டார். குணமாகும்போது பசி திரும்பும். நல்ல அறிகுறி என்று பாடப்புத்தகம் சொல்கிறது.

இப்போதைய ஆய்வகத்தில் முட்டை வாசனை குறைந்துவிட்டது. சளியை ஒரு கார்ட்ரிட்ஜில் ஊற்றி இயந்திரத்தில் சொருகினால், கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு மசியுமா என்பது இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கார்ட்ரிட்ஜ் கொள்முதல் கோப்புக்குத்தான் எட்டு வாரம் போதவில்லை என்று, எனக்குப் பிறகு ஒரு மையத்தில் பொறுப்புக்கு வந்த நண்பர் அலுத்துக்கொள்கிறார். 2025-க்குள் காசநோயை ஒழிப்பதாகப் பதாகை கட்டினோம். 2025 போய்விட்டது.

சாப்பாட்டுக் கதைக்கு வருவோம். 2019-ல் ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேல். நோயாளிகளுக்கு மாதாமாதம் அரிசி, சத்துமாவு, பால்பவுடர், எண்ணெய். வீட்டாரில் ஒருசாராருக்கும் அரிசி, பருப்பு. 2023-ல் லான்செட் மருத்துவ இதழ்களில் முடிவு வெளியானது: உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, எடை கூடிய நோயாளிகளில் சாவும் குறைந்தது. ஆய்வில் பங்கேற்ற நிறுவனங்களில் ஒன்று, எங்கள் அதே சேத்துப்பட்டு மையம். இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பழைய ஆய்வு கேட்டது கிருமி சாகுமா என்று. புதியது கேட்டது மனிதர் பிழைப்பாரா, அவர் வீட்டார் தப்புவார்களா என்று. இரண்டு விடையும் சரி. ரிக்‌ஷாக்காரர் கேள்வி லான்செட்டுக்குப் போய்ச்சேர இவ்வளவு காலம் ஆனது.

2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய், வங்கிக் கணக்கில் வருகிறது. இன்று மையங்களை நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: கணக்கு எண் சரிபார்த்து முடியும்வரை பசி காத்திருக்காது. முதல் மாத மாத்திரையோடு ஒரு பை அரிசியும் பருப்பும் கொடுத்தனுப்ப வழிசெய்யுங்கள். தணிக்கையில் கேட்டால் ஜார்க்கண்ட் கட்டுரையை நீட்டுங்கள். எங்களுக்கு அப்போது நீட்ட ஒன்றும் இருக்கவில்லை.