சாத்தானுக்கு ராயல்டி கிடையாது

ஹெவி மெட்டல் இசைக்குத் தகப்பன் எந்த பேண்ட் என்று ரசிகர்கள் ஐம்பது வருடங்களுக்கு மேலாக அடித்துக்கொள்கிறார்கள். லெட் ஸெப்பலின் என்பார் ஒருவர். டீப் பர்ப்பிள் என்று இன்னொருவர் எழுந்து நிற்பார். பிளாக் சபாத்தைத் தவிர வேறு பெயர் காதில் விழுந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புகிற மூன்றாமவரும் உண்டு. தகப்பன் வழக்கில் நான் தலையிடுவதில்லை. தாய் யாரென்று எனக்குத் தெரியும்: இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்த திருமதி அயோமி.

அவருடைய ஒரே பிள்ளை டோனி, பதினேழு வயது, தகரத் தொழிற்சாலையில் வெல்டர். இடக்கைக்காரன், கிட்டார் நன்றாக வாசிப்பான். ஐரோப்பாவுக்குக் கிளம்பவிருந்த ஒரு பேண்டில் இடம் கிடைத்துவிட்டது. அன்று வேலைக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், இனி எதற்குத் திரும்பிப் போவது என்று மெல்ல இழுத்தான். எந்த ஊர் அம்மாவாக இருந்தாலும் என்ன சொல்வாரோ அதையே அவரும் சொன்னார்: எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா.

போனான். தகடு அழுத்தும் யந்திரத்தில் நிற்கும் ஆள் அன்று வரவில்லை. பதிலுக்கு இவனை நிறுத்தினார்கள். யந்திரம் ஒருமுறை இறங்கியது. வலக்கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டுக்கும் நுனி போயிற்று. இடக்கைக்காரனுக்குத் தந்தியை அழுத்துகிற கை வலக்கைதான். டாக்டர்கள் கிட்டாரை மறந்துவிடச் சொன்னார்கள்.

பார்க்க வந்த தொழிற்சாலை மேனேஜர் ஆப்பிள், ஹார்லிக்ஸ் எதுவும் வாங்கி வரவில்லை. ஒரு இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் மேதையின் கிட்டார். கேட்கவே பிடிக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பையனிடம், 1928 தீவிபத்தில் ஜாங்கோவுக்கு இரண்டு விரல்கள் முடங்கிப் போனதையும், மிச்ச விரல்களை வைத்துக்கொண்டுதான் இப்படிப் பறக்கிறார் என்பதையும் சொன்னார். டோனி எழுந்து உட்கார்ந்தான்.

பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருட்டினான். சால்டரிங் இரும்பைச் சுடவைத்து, விரல் நுழைகிற அளவுக்குக் குழி பறித்தான். விரலுக்கு இரண்டு தொப்பி தயார். தந்தியில் வழுக்காமலிருக்க அதன்மேல் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டு. (பத்து விரலும் பழுதில்லாத எனக்கு இன்றுவரை கிட்டாரில் எஃப் கார்டு வந்ததில்லை. இந்தப் பத்தியை எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.)

பிளாஸ்டிக்குக்குத் தந்தி தட்டுப்படாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. கடையில் கிடைத்த தந்திகளோ தடியானவை. பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கொண்டுவந்து கிட்டாரில் கட்டினார். எல்லா விரலையும் கேட்கிற கார்டுகளை ஒதுக்கி, இரண்டு ஸ்வரத்தில் முடிகிற கார்டுகளைப் பிடித்துக்கொண்டார். அதுவும் போதாமல் 1971இல் வந்த பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் தந்திகளையே தளர்த்தி, சுருதியை மூன்று அரைஸ்வரம் இறக்கினார். நம் கணக்கில் சொன்னால், மூன்று கட்டையில் இருந்த கிட்டார் ஒன்றரைக் கட்டைக்கு வந்தது. நம் வித்வான்கள் வயதான பிறகு செய்கிற காரியத்தை மனிதர் இருபத்து மூன்று வயதிலேயே செய்துவிட்டார். விரல் வலிக்காமலிருக்கச் செய்த இந்தச் சிக்கனத்துக்குத்தான் உலகம் இருள், பாதாளம், நரகத்தின் உறுமல் என்றெல்லாம் பெயர் வைத்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். புது பேண்டுக்குப் பாட ஆள் வேண்டும். இசைக்கருவிக் கடையில் ஒரு விளம்பரம் தொங்கியது: ஓஸி என்பவர் பேண்ட் தேடுகிறார், சொந்தமாக மைக்செட் உண்டு. பேர்தான் ஓஸி, மைக்செட் ஓசியில் வந்ததல்ல. அப்பா கடன் வாங்கிக் கொடுத்தது. அதே அப்பா, திருட்டு வழக்கில் மகனுக்கு விழுந்த அபராதத்தைக் கட்ட மறுத்து ஆறு வாரம் சிறையில் இருக்க விட்டவர். ஓஸி ஆஸ்போர்ன் அதுவரை பார்த்த வேலைகளில் கசாப்புக் கூடமும் உண்டு, கார் ஹாரன்களுக்குச் சுருதி சரிபார்க்கும் உத்தியோகமும் உண்டு. இரண்டாவதைச் சங்கீத அனுபவம் என்று சேர்த்துக்கொள்ளலாம். கதவைத் தட்டிய டோனிக்கு ஆளைப் பார்த்ததும் திரும்பிவிடத் தோன்றியது. பள்ளியில் ஒரு வகுப்பு கீழே படித்த, தானே விரட்டி விரட்டி அடித்த பையன்!

டிரம்ஸுக்கு பில் வார்டு, பேஸ் கிட்டாருக்கும் பாட்டெழுதவும் கீஸர் பட்லர். முதலில் வைத்த ‘போல்கா டல்க்’ என்ற பெயர் முகப் பவுடர் டப்பாவிலிருந்து வந்தது என்பது ஓஸி கட்சி. துணிக்கடைப் பலகையிலிருந்து வந்தது என்பது எதிர்க்கட்சி. அடுத்து ‘எர்த்’ என்று வைத்தால் அதே பெயரில் வேறொரு பேண்ட் இருந்தது. ஒத்திகை இடத்துக்கு எதிரே இருந்த தியேட்டரில் பேய்ப்படம் பார்க்கப் பெருங்கூட்டம். காசு கொடுத்துப் பயப்பட இத்தனை பேரா என்று அசந்தவர்கள், போரிஸ் கார்லாஃப் நடித்த 1963ஆம் வருடப் படம் ஒன்றின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: ‘பிளாக் சபாத்’.

பெயருக்கேற்ற பாட்டும் வந்தது. கீஸர், ஹோல்ஸ்ட்டின் ‘மார்ஸ்’ இசையைத் தட்டிக்கொண்டிருக்க, அது காதிலேயே தங்கிப்போன டோனி மூன்று ஸ்வரத்தில் ஒரு ரிஃப் போட்டார்: கீழே ஒரு ச, மேலே ஒரு ச, நடுவில் நடுங்குகிற பிரதி மத்யமம். மேற்கே இந்த இடைவெளிக்குச் சாத்தானின் ஸ்வரம் என்று பட்டப்பெயர் உண்டு. மத்திய காலத்தில் திருச்சபை இதைத் தடைசெய்து வைத்திருந்தது என்று ரசிகர்கள் கண்ணை உருட்டிக்கொண்டு சொல்வது கட்டுக்கதை. நம் 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36, இந்தப் பிரதி மத்யமத்தை வைத்துத்தான் குடித்தனம் நடத்துகின்றன. கல்யாணி பாடாத கல்யாணக் கச்சேரி உண்டா? மாமிகள் யாரும் இதுவரை அலறி ஓடியதாகத் தெரியவில்லை.

முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவுசெய்து முடித்தார்கள். இசைத்தட்டுக் கம்பெனி அதை 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வெளியிட்டது. உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவை ஒன்றையும் பேண்டிடம் கேட்காமலே அச்சடித்தது. ஆக, சாத்தானுக்கு வெற்றிலை பாக்கு வைத்தது விளம்பர இலாகா. சபாத்தில் பாட்டெழுதியவரோ ஐரிஷ் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. அட்டையை நம்பி வந்த சாத்தான் பக்தர்கள் ஒருநாள் ஓட்டல் அறைக்கு வெளியே கறுப்பு அங்கியும் மெழுகுவத்தியுமாக மந்திரம் ஜபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். இவர்கள் கதவைத் திறந்து, மெழுகுவத்திகளை ஊதி அணைத்து, ‘ஹாப்பி பர்த்டே’ பாடிவிட்டு உள்ளே போய்விட்டதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் உள்ளுக்குள் உதறல்தான். ஓஸியின் அப்பா தொழிற்சாலையில் உலோகச் சிலுவைகள் செய்து கொடுக்க, நாலு பேரும் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு அது மெட்டல் ஃபேஷன்.

1979இல் ஓஸியை அனுப்பிவிட்டு ரானி ஜேம்ஸ் டியோவைக் கூட்டிவந்தார்கள். இருவரில் யார் உசத்தி என்பதில் நண்பர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கிறார்கள். நான் டியோ கட்சி, ஆனால் வெளியே சொல்வதில்லை. மேடையில் ஓஸி இரண்டு விரலை விரித்து சமாதான முத்திரை காட்டுவார். அதையே காட்டக் கூசிய டியோ, ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டி ‘கொம்பு’ காட்டினார். பார்த்தவர்களுக்கு அது சாத்தானின் கொம்பு. டியோவுக்கோ அது இத்தாலியப் பாட்டி கற்றுக்கொடுத்தது. தெருவில் கொள்ளிக்கண் யாராவது எதிர்ப்பட்டால் பாட்டி இப்படித்தான் விரலை நீட்டுவாராம், கண்ணேறு படாமலிருக்க.

2025 ஜூலை 5 அன்று, பர்மிங்ஹாமில் ஓஸி வளர்ந்த பேட்டையான ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் ஆதி நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் நின்றார்கள். நின்றார்கள் என்பது பேச்சுக்கு, நடக்க முடியாத ஓஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாளில் போய்ச்சேர்ந்தார். அன்றும் டோனியின் விரல்களில் தொப்பிகள். மைதானம் முழுக்க நீட்டிய கொம்புகள். பூசணிக்காய் மட்டும்தான் உடைக்கவில்லை.