கேசட் அனுப்பியது யார்?

மிக்கேல் ஹானெகெயின் ‘காஷே’ (2005) ஒரு பாரிஸ் வீட்டின் வாசலை அசையாமல் பார்த்துக்கொண்டே தொடங்குகிறது. சில நிமிடங்களுக்கு வீடு ஒன்றும் செய்வதில்லை. அது யாரோ ஒளிந்து எடுத்து அனுப்பிய வீடியோ கேசட் என்று பிறகு தெரிகிறது. அனுப்பியவர் யார்? படம் கடைசிவரை வாய் திறக்கவில்லை, பார்த்தவர்கள் திறந்தார்கள்.

அந்த வீட்டு நாயகனின் மகன்தான் என்றது ஒரு கட்சி. நாயகன் சிறுவயதில் அறிந்த அல்ஜீரியரான மஜீதின் பிள்ளை என்றது எதிர்க்கட்சி. இயக்குநரேதான் அனுப்பினார் என்றார்கள் மேதாவிகள். கடைசி ஷாட்டில், பள்ளிப் படிக்கட்டின் ஓரத்தில், அந்த இரு பிள்ளைகளும் பேசிக்கொள்கிறார்கள். பெயர்ப்பட்டியல் ஓடுகிறதே என்று எழுந்து நடந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்களுக்குப் படம் ‘சப்’பென்று முடிந்தது. தெரிந்தவர்களோ டிவிடி வாங்கி, அந்தப் படிக்கட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கேசட் அனுப்பியவனே கூசும் அளவுக்கு வேவு பார்த்தார்கள்.

மஜீதின் பெற்றோர் 1961 அக்டோபர் 17 ஊர்வலத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் என்று நாயகன் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறான். பார்வையாளர்களும் கடந்தார்கள். அந்த இரவில் பாரிஸில் அல்ஜீரியர்களைக் கொன்றது யார் என்பதில் மர்மம் ஏதுமில்லை: மோரிஸ் பாப்போன் தலைமையிலிருந்த போலீஸ்.