மூளைக்குள் துருப்பிடிக்கும் கதவு

கேள்வி: இரும்பு துருப்பிடிப்பதுபோல் மூளையும் துருப்பிடிக்குமா?
– வாசகி, செலாயாங்

பதில்: பிடிக்கும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் 20 சதவீதத்தைச் சாப்பிடுகிறது. அடுப்பு பெரிதென்றால் புகையும் அதிகம்தானே!

நரம்புச் செல்லுக்குள் இருப்பதைவிட வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு. பாசார் போரோங் மொத்தச் சந்தை வாசலில் விடியுமுன் நெருக்கியடிக்கும் லாரிகளைப்போல் அது காத்து நிற்கிறது. செல்லுக்குள்ளும் கால்சியக் கிடங்கு ஒன்று உண்டு. அதன் கதவான ரையனோடின் ஏற்பியில், கந்தகம் தாங்கிய சிஸ்டீன் அமினோ அமிலங்கள்தான் தாழ்ப்பாள். அந்தப் புகையின் ஆக்சிஜனேற்றம், அதாவது துரு, அவற்றை அரித்தால் கதவு கசியும். கசிந்த கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவை வாட்டும். அது இன்னும் புகை கக்கும்.

தமிழர்கள் தலைமுறைகளாகத் தோள் வலிக்க வெட்டிய செம்பனைக் குலையில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டோகோட்ரையினால் என்ற வைட்டமின் ஈ இருக்கிறது. 121 பேர் சேர்ந்த மலேசிய ஆய்வு 2014இல் வெளியானது. 2 ஆண்டுகள் அதை உட்கொண்டவர்களுக்கு மூளை வெண்பொருளின் புண்கள் பெரிதாகவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குப் பெரிதாயின.