இன்னும் ஒன்றே ஒன்று

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு எங்கள் சொற்பிழைதிருத்தியின் வெளியீடு என்று பதினைந்து நாள் முன்னரே அறிவித்து, வந்த திருத்தங்களையெல்லாம் சரிபார்த்துச் சேர்த்து, சோதனைகள் யாவும் பச்சை காட்டிய பின், புதிய பதிப்பெண்ணைப் பொறிக்க நான் விரலைத் தூக்கும் அந்தச் சுபமுகூர்த்தத்தில்தான் அம்பத்தூரிலிருந்து உடன் உழைக்கும் நண்பரின் தொலைபேசி வரும்: "சார், ஒரே ஒரு வரிதான் சார்."

அவருக்கு அது பஞ்சாட்சரம். பிழைதிருத்த வெளியீட்டில் புதுமைக்குப் பிரவேசமில்லை, அதனாலேயே கடைசி இலக்கத்தை மட்டும் கூட்டுகிறோம் என்ற சாஸ்திரத்தைப் புதியவர்களுக்கு உபதேசிப்பவரே அவர்தாம். அவருடைய வரி மட்டும் சாஸ்திரத்துக்கு அப்பாற்பட்டது. மறுத்தால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்களைச் சாட்சிக்கு இழுப்பார். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாம் வியாழன் என்று நாள் குறித்து நடத்தும் அந்த ஆசாரசீலர்களே, 2024 நவம்பர் 14-இல் 17.1-ஐ வெளியிட்டு, ஒரே வாரத்தில் 17.2-ஐயும் வெளியிடவில்லையா என்பார். அந்த அவசரத்துக்குக் காரணமே முந்தையதில் நுழைந்த ஒரு திருத்தம்தான் என்று நான் சொல்வது மட்டும் அவர் செவியில் ஏறாது.

எங்கள் 2.4.6 வெளியீட்டின்போது மனம் இரங்கிவிட்டேன். ‘கொ’வின் உயிர்க்குறியைக் கணினி ஒரே குறியாகவும் வைக்கும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கும், கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. எங்கள் சொற்பிழைதிருத்தியில் இரண்டையும் ஒன்றாக்கத்தான் அந்த வரி. எழுதுபவரின் உரையை ஒழுங்கு செய்த அது, அகராதியை மறந்தது. மறுநாள் காலை கொய்யா, கொடி, கொழுக்கட்டை அனைத்தும் பிழையென்று சிவப்புக் கோடு பூண்டு நின்றன. அறிவிப்பில் இருந்தது என் பெயராகையால் வசவும் எனக்கே வந்தது.

ஆயினும் காசு பெறாத இந்தக் கைங்கரியத்தில் அன்றிரவு முழுதும் கண்விழித்து 2.4.7-க்கு வழிசெய்தவரும் அவரே என்பதை மறைத்தால் பாவம். அதிலும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. அது வேறு விஷயம்.

சென்ற வாரம் ஆவடியில் பூந்தமல்லி செல்லும் ஷேர் ஆட்டோவில் இருவரும் அமர்ந்திருந்தோம். "இன்னும் ஒரே ஒரு ஆளு" என்று கூவியபடி ஓட்டுநர் கால் மணி நேரமாக வண்டியை எடுக்கவில்லை. நண்பர் கொதித்துப்போனார்.

"கிளம்பற நேரம்னு ஒண்ணு கிடையாதாப்பா?"

எனக்கு அந்த ஓட்டுநரை அப்படியே கட்டித் தழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.