செயற்பாட்டு மகாத்மியம்

ஹட்டனில் கத்தோலிக்கப் புனிதர்களின் நாமந் தாங்கிய பாடசாலைகள் உண்டு. உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் சுவீகரித்த பின்னரும், சம்பளமோ ஓய்வூதியமோ கோராமல் இலங்கை முழுதும் பெயர்ப்பலகைகளில் சேவை புரிந்து வருவோர் அப்புனிதர்களே.

இப்பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளில் 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' என்றொரு பாடம் உண்டு. பிறந்த நாள்தொட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே வளர்ந்த லயத்துக் குழந்தை, இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கிள்ளி வந்து, கொப்பியில் பசை தடவி ஒட்டி, 'இது தேயிலை' என்று கீழே எழுதி, சிவப்பு மையில் 'மிக நன்று' பெற்றுவிடுகிறது. அதே கொழுந்தை நாள்முழுதும் கூடை கூடையாகப் பறிக்கும் அதன் தாய்க்குத் தராசடியில் கிடைப்பதோ 'நிறை போதாது' என்னும் விமர்சனமே.

தூரின் நகரத்து ஏழைச் சிறுவர்க்கு விளையாட்டோடும் அன்போடும் கல்வி புகட்டியவரும் அப்புனிதர்களுள் ஒருவருமான ஜோன் பொஸ்கோ (1815–1888) இன்று மலையகத்திற்கு எழுந்தருளினால் இச்செயற்பாடுகளைக் கண்டு பூரிப்பார். ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சையையும், மாதிரி வினாத்தாள் கட்டுகளையும், மாலை டியூசனையும் கண்டதும் அப்பூரிப்பு அடங்கிவிடும். விளையாட்டுக் கல்வியின் ஆயுள் நான்காம் தரம் வரைதான். அதன்பின் ஓடுவது பிள்ளை, போட்டியிடுவது பெற்றோர்.